பொன்னாடை போட்டு அனுப்பிவைத்த பதவிகள்

போன வாரம் வாட்ஸ்அப்பில் இன்னோர் அழைப்பிதழ் வந்தது. என்னோடு நூலகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இந்த மாதக் கடைசியில் பணி நிறைவு பெறுகிறார். மாலை 3 மணிக்குப் பாராட்டு விழா, அனைவரும் வருக. இந்த ஆண்டில் இது மூன்றாவது அழைப்பிதழ். நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று நாலு பேர் போன் செய்து கேட்டார்கள். மரக்காணத்திலிருந்து பஸ் ஏறி வர முட்டி ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். அது பொய். உண்மையை இங்கே எழுதுகிறேன். நண்பருக்கு என்மேல் வருத்தம் இருந்தால் இதைப் படித்தபின் தீரட்டும், அல்லது கூடட்டும்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

அந்த 35 ஆண்டுகளில் சுமார் 20 ஆண்டு, பணியாளர் மனமகிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். பெரிய பதவியாக நினைத்துவிடாதீர்கள். மாதம் பத்து ரூபாய் சந்தா வசூலிப்பது, இரவல் பிரிவுக்குப் பின்னால் இருந்த அறிவிப்புப் பலகையில் செய்தி எழுதுவது, விழாவுக்கு மைக் செட்டும் காராபூந்தியும் ஏற்பாடு செய்வது, இவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையில் எழுத எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாக்பீஸால் முத்து முத்தாக எழுதுவேன். பருவ இதழ்ப் பிரிவு நண்பருக்குப் பெண் குழந்தை. பைண்டிங் பிரிவு அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பட்டியல் பிரிவுச் சகோதரிக்கு உதவி நூலகர் பதவி உயர்வு. இன்று புதிதாகப் பணியில் சேர்ந்த மூவரை வரவேற்கிறோம், மாலை 4 மணிக்குத் தேநீர்.

'பணியில் சேர்ந்த மூவர்' என்று நான் கடைசியாக எப்போது எழுதினேன்? எவ்வளவு யோசித்தும் ஆண்டு பிடிபடவில்லை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பலகையில் இரண்டே வகைச் செய்திதான். ஒன்று பணி நிறைவு, மற்றொன்று இரங்கல்.

என்னிடம் இரண்டு குழுப் படங்கள் இருக்கின்றன. ஒன்று நான் வேலைக்குச் சேர்ந்த 1987இல் நூலக வாசற்படிகளில் எடுத்தது. எண்ணிப் பார்த்தால் 52 தலைகள். இன்னொன்று 2022 மே 31 அன்று என் விழாவில் எடுத்தது. மாலையோடு நிற்கும் என்னையும் சேர்த்து 13 பேர். இடையில் புத்தகங்கள் குறையவில்லை, கூடின. மாணவர்கள் குறையவில்லை, கூடினார்கள். துறைகள் கூடின, கட்டடம் ஒரு மாடி உயர்ந்தது. மனிதர்கள் மட்டும் 39 பேரைக் காணோம். திருடன் வந்து தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொருவராகப் பொன்னாடை போட்டு, சந்தன மாலை சூட்டி, சுவர்க் கடிகாரம் கையில் கொடுத்து, வாசல்வரை போய் நாங்களே வழியனுப்பினோம். அவர்களோடு அவர்கள் உட்கார்ந்திருந்த பதவியையும் சேர்த்தே அனுப்பிவைத்தோம் என்பது மட்டும் எங்களுக்கு உறைக்கவில்லை.

உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு விழாவிலும் ஒரே பேச்சு. "இவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்று மேடையில் ஒருவர் சொல்வார். நாங்கள் கைதட்டுவோம். அது பாராட்டு என்று நினைத்தோம். நிர்வாகம் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டது.

*

எங்கள் தொழிலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே, ஆள் அரவமில்லாத அந்த வேலை பிடிக்காமல் மறுபடி கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்று கேட்டவர். அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், இருபது ஆண்டுகள் நூலகமே கதி என்று கிடந்தார். வாசகர்கள் தாங்களே உள்ளே போய் எடுக்கும்படி அலமாரிகளைத் திறந்துவிட்டார். 1929இல் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கக் காரணமாக இருந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும் நூலாக்கினார். அவர் காலத்தில்தான், 1936இல், கடற்கரையில் அந்த நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. அவர் பெயரால் ஆகஸ்டு 12ஆம் தேதியை நூலகர் தினமாக இன்றும் கொண்டாடுகிறோம். எங்கள் மன்றமும் தவறாமல் அவர் படத்துக்கு மாலை போட்டது. நான்தான் பூ வாங்கி வருவேன்.

மாலை போட்டோமே ஒழிய அவர் சொன்னதைக் கேட்டோமா? நூலகம் என்பது புத்தகம், வாசகர், பணியாளர் என்ற மூன்றும் சேர்ந்தது என்றார் அவர். அடுப்புக்கு மூன்று கல் மாதிரி. ஒரு கல்லை உருவிவிட்டு உலை வைத்துப் பாருங்கள். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது அவருடைய ஐந்தாவது விதியின் சாரம். அந்த வளர்ச்சியில் பணியாளரையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா! நம்முடைய நிர்வாகங்கள் மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டு, விடை சரி என்கின்றன.

அவரைப் பற்றி இன்னொன்று. 1945இல் சென்னையை விட்டுப் போனவர், பிறகு காசியிலும் டெல்லியிலும் பணியாற்றினார். 1950களில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதற்குக் கொடுத்தார்? தன் படத்தைத் திறக்கவா, சிலை வைக்கவா? தம் மனைவி சாரதா பெயரில் நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த. போன பிறகும் ஒரு பதவியை உண்டாக்கினார் அவர். நாங்கள் போகும்போது இருந்த பதவியையும் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். இதுதான் என்னைத் தூங்கவிடாத வித்தியாசம்.

*

என் சொந்த விழாக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் 2020 மே 31 அன்று, 58 வயதில், ஓய்வு பெற வேண்டியவன். பொன்னாடை வாங்கியாகிவிட்டது. ஊரடங்கு நேரம், பத்துப் பேரைக் கூட்டவே பயம். மே முதல் வாரத்தில் ஓய்வு வயது 59 என்று அரசு அறிவித்தது. பொன்னாடை பீரோவுக்குப் போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதை 60 ஆக்கினார்கள். பொன்னாடை மறுபடி பீரோவுக்கு. "சார், இது உங்களுக்குப் போடுறதுக்குள்ள பூச்சி அரிச்சுடும்" என்று கிண்டல் செய்தார்கள். அந்த இரண்டு ஆண்டும் ஓய்வு விழாவே கிடையாது. எங்களுக்கு மகிழ்ச்சி, பொய் சொல்வானேன். ஆனால் வெளியே படித்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அது இன்னும் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. இரண்டு ஆண்டு கழித்து நாங்கள் ஒருவர்பின் ஒருவராகக் கிளம்பினோம். காத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்ததா என்றால், இல்லை.

அப்படியானால் அந்த வேலையையெல்லாம் யார் செய்தார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

2022 படத்தில் 13 பேர் என்றேன். அன்று அங்கே இருந்தவர்கள் 13 பேர் அல்ல. படத்தை எடுத்தது ஒரு பெண். காராபூந்தித் தட்டுகளை அடுக்கியதும் அவள்தான், விழா முடிந்து நாற்காலிகளை மடித்ததும் அவள்தான். பெயர் வேண்டாம், இன்றும் வேலை தேடுகிறவள். பத்தாண்டுகளுக்கு மேல் புத்தக அடுக்குப் பிரிவில் இருந்தாள். முதலில் தினக்கூலி, பிறகு தொகுப்பூதியம், பிறகு ஏதோ ஓர் ஏஜென்சியின் ஆள் என்று கணக்கு மாறியது. வேலை மாறவில்லை. நூலக அறிவியலில் பட்டம் பெற்றவள். அந்தப் பட்டத்தை அவளுக்குக் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், பட்டமளிப்பு விழாவில் கை குலுக்கினார்கள். வேலை என்று வந்தபோது, நீ எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள் என்றார்கள்.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் வர வேண்டாம் என்பார்கள். அந்த மாதம் சம்பளம் கிடையாது. நான் உப்பளக் குடும்பத்தில் பிறந்தவன். மழை பிடித்துக்கொண்டால் பாத்தியில் வேலை இல்லை, வீட்டில் அடுப்பு இல்லை என்ற கதையெல்லாம் எனக்குப் பாடம். எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளிக்கு இப்போது சில ஆண்டுகளாக மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அது போதாது, ஆனாலும் அவன் வயிற்றைப் பற்றி யாரோ நினைத்திருக்கிறார்கள். பட்டம் படித்த அந்தப் பெண்ணின் கோடைக்கால வயிற்றைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம் நினைக்கவில்லை.

ஏஜென்சி மாறியது. ஒரு 30ஆம் தேதி மாலை, நாளை முதல் வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. கேள்விப்பட்டதும் என்னமோ செய்தது. விழா இல்லை, தேநீர் இல்லை, அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இல்லை. நான் செயலாளராக இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எழுதியிருக்க மாட்டேன். என் காலத்திலும் அவளைப் போல நாலைந்து பேர் போனார்கள். யாருக்கும் நான் எழுதவில்லை. சந்தா கட்டாதவர்கள் மன்ற உறுப்பினர் இல்லை என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

*

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் ஊர் உப்பளங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியரைத் தேடிப் பழைய நூலகத்துக்குப் போனேன். 1906இல் வந்த புத்தகம். இணையத்தில் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் பழைய புத்தகங்களில் மடித்து ஒட்டிய வரைபடங்களை, ஸ்கேன் செய்பவர்கள் பெரும்பாலும் விரிப்பதில்லை. எனக்கு வேண்டியது வரைபடம்.

கம்ப்யூட்டரில் தட்டினேன். 'இருக்கிறது' என்றது. அடுக்குக்குப் போனால் இல்லை. பணியில் இருந்த பையன் நல்ல பையன், வந்து மூன்று மாதம் ஆகிறதாம். அவனும் நானும் ஒன்றரை மணி நேரம் தேடினோம். ஒரு சங்கதி, நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லட்சக்கணக்கில் புத்தகம் உள்ள இடத்தில் ஒரு புத்தகத்தை இரண்டு அடுக்கு தள்ளி வைத்துவிட்டால் அது தொலைந்தது தொலைந்ததுதான். ஆகையால்தான் தினம் காலையில் ஒருவர் அலமாரி அலமாரியாக எண் பார்த்து வரிசை சரிசெய்துகொண்டே போவார். யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. எங்கள் ஊர் அளத்திலும் அப்படி ஒன்று உண்டு. மழை முடிந்ததும் பாத்தியில் சேற்றை வாரிவிட்டு, காலாலேயே மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். ஒரு பருவம் மிதிக்காமல் விட்டுப் பாருங்கள், வாருகிற உப்பில் பாதி சேறாக இருக்கும்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாம். பின்னால் சத்தம், கூட்டம்.

"ஏம்மா, தென்னாற்காடு கெசட்டியர்..."

"மூணாவது மாடி சார். அட்லஸ் வைக்கிற பெரிய ரேக் இருக்குல்ல, அதுல கீழ்த்தட்டு. முதுகு கிழிஞ்சிருந்துச்சு, நிக்க வெச்சா இன்னும் கிழியும்னு படுக்க வெச்சேன். மேல காக்கித் தாள் சுத்தியிருப்பேன்."

இருந்தது. காக்கித் தாளில் அவள் கையெழுத்தில் அணுகு எண்ணும் இருந்தது. நன்றி சொல்ல மறுபடி அழைத்தபோது, "கஸ்டமர் நிக்கிறாங்க சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

பல லட்சம் செலவழித்து வாங்கிய மென்பொருளுக்குத் தெரியாதது, ஜவுளிக்கடையில் புடவை விரித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

*

இதைச் சொன்னால் வழக்கமாக மூன்று பதில் வரும்.

முதல் பதில், "எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது, ஆள் எதற்கு?" பார்வையற்ற மாணவர் ஒருவர் வந்து தனக்கு வேண்டிய கட்டுரையைப் படித்துக் காட்டும் வழி கேட்டால் யார் சொல்வது? கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைக்கு எந்த இதழில் தேட வேண்டும், எது ஏமாற்று இதழ் என்று யார் சொல்வது? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் ரங்கநாதன் வகுத்த விதிகளில் ஒன்று. நுழைவாயிலில் பீப் அடிக்கும் கருவி திருட்டைத் தடுக்கும், நேரத்தை மிச்சப்படுத்தாது.

இரண்டாவது பதில், "பணம் இல்லை." மாணவர்கள் எல்லோரும் வெளிநாட்டு ஆய்விதழ்களைப் படிக்க 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒதுக்கியது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. பதிப்பகங்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. அந்த இதழ்களைத் தேடிக் கொடுக்கும் மனிதருக்குக் கொடுக்கத்தான் இல்லை. விருந்துக்கு இலை போட்டாயிற்று, பரிமாற ஆள் வைக்கவில்லை.

மூன்றாவது பதில், "தகுதியான ஆள் கிடைக்கவில்லை." இதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. திண்டிவனம் ஜவுளிக்கடையில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிர்வாகத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. சங்கம் வைத்திருந்தோம். ஊதிய உயர்வுக்குக் கொடி பிடித்தோம். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானபோது கொதித்தோம், அதுவும் நியாயமே. ஆனால் ஒரு நாற்காலி காலியானபோது, இதை நிரப்பாமல் கலைய மாட்டோம் என்று ஒரு நாளாவது உட்கார்ந்தோமா? நாற்காலி காலியான அன்று நாங்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

விழாவே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. 35 வருடம் புத்தகத் தூசியைச் சுவாசித்தவனுக்கு ஒரு மாலை போடுவது நியாயம். குடும்பத்தார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு நிறைவு. என் மனைவி அன்று அழுதாள். ஆனால் ஒரு வீட்டில் பெயர்சூட்டு விழாவே இல்லாமல் வழியனுப்பு விழா மட்டுமே நடந்துகொண்டிருந்தால் அந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன சொல்லும்?

ஆகவே, இன்னும் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு இந்தக் கிழவனின் கோரிக்கை இது. இனி ஓய்வு பெறுகிறவர் மேடையில் ஒரு கேள்வி கேட்கட்டும்: "நாளைக் காலை என் நாற்காலியில் யார்?" பதில் சொன்ன பிறகு பொன்னாடையை வாங்கிக்கொள்ளட்டும். பதில் இல்லையென்றால் மடித்து மேசைமேல் வைத்துவிட்டு இறங்கட்டும். துணைவேந்தர் மேடையில் இருக்கும்போது பத்துப் பேர் இப்படி இறங்கினால் பதினோராவது விழாவுக்குள் ஒரு கோப்பு நகரும். அரசாணை, நிதித்துறை ஒப்புதல் எல்லாம் எனக்கும் தெரியும். கேட்காமல் இருந்ததால் எந்தக் கோப்பும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, அறிவிப்புப் பலகை. தொகுப்பூதியக்காரர், ஏஜென்சி ஆள், தினக்கூலி, யாராக இருந்தாலும் வந்தால் எழுதுங்கள், போனால் எழுதுங்கள். ஏன் போனார் என்பதையும் எழுதுங்கள். சந்தா விதியைக் கிழித்துப் போடுங்கள். எழுதிய நானே சொல்கிறேன்.

ஓய்வு பெறும் நண்பருக்கு நேற்று வாழ்த்துச் செய்தி அனுப்பினேன். கூடவே, "உங்கள் இடத்துக்கு யார் வருகிறார்கள்?" என்று கேட்டேன். "யாரும் இல்லை சார். என் சாவியைப் பக்கத்து செக்‌ஷன்ல கொடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க" என்று பதில் வந்தது.

என் பீரோவில் எட்டுப் பொன்னாடைகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு காத்திருந்து போட்ட அந்த முதல் பொன்னாடையும் பூச்சி அரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. அந்த நூலகத்தில் அடுத்து யாராவது நிரந்தரமாக வேலைக்குச் சேர்ந்தால் எனக்கு ஒரு வரி சொல்லியனுப்புங்கள். முட்டி வலித்தாலும் முதல் பஸ்ஸில் வந்து நானே போட்டுவிடுகிறேன்.